பெரிய மார்க்கெட்டும் மல்லாட்டை வேரும்

பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா வர்றவங்க எல்லாரும் பீச் ரோட்டைப் பாக்குறாங்க, பிரெஞ்சு வீதியில போட்டோ எடுக்குறாங்க. பெரிய மார்க்கெட்டுக்குள்ள நுழையறவங்க குறைவு. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல, காந்தி வீதி, பாரதி வீதின்னு நாலு பக்கமும் வாசல் வெச்ச மார்க்கெட் அது. குபேர் அங்காடின்னு பலகையில இருக்கும். எங்க ஊருல யாரும் அப்படிச் சொல்றது கிடையாது. எங்களுக்கு அது பெரிய மார்க்கெட்டுதான்.

நான் முதல்முதலா அங்க போனப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். பாகூர் பக்கத்துலேர்ந்து அப்பா மாட்டு வண்டியில மல்லாட்டை மூட்டை ஏத்திக்கிட்டு ராத்திரியே கிளம்புவாரு. விடியறதுக்குள்ள டவுனு. மண்டியில மூட்டையை இறக்கிட்டு, மார்க்கெட்டு வாசல்ல எனக்கு இட்லி வாங்கிக் குடுத்துட்டு, தானியக் கடை வரிசையில கணக்குப் பேச நிப்பாரு. வேர்க்கடலைன்னு சொன்னா உங்களுக்குப் புரியும். எங்க பக்கம் மல்லாட்டை. சில பேர் மணிலாக்கொட்டைன்னும் சொல்லுவாங்க. பிலிப்பைன்ஸ்ல இருக்குற மணிலாவுலேர்ந்து வந்த கொட்டைன்னு நினைச்சு வெச்ச பேரு. உண்மையில அது தென்னமெரிக்கப் பயிர்.

இந்தப் பதிவு உயிர் உரத்தைப் பத்தினது. ஆனா அதை பாக்கெட்டுலேர்ந்து ஆரம்பிச்சா பாதிக் கதைதான் தெரியும். பெரிய மார்க்கெட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

நீலம் போன வழி

மார்க்கெட்டை ஒட்டின ரங்கப்பிள்ளை வீதியில ஆனந்தரங்கப் பிள்ளையோட வீடு இன்னைக்கும் இருக்கு. டூப்ளே துரைக்கு துபாஷா இருந்தவர். 1736லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதி வெச்சவர். அந்தக் காலத்துல பாண்டிச்சேரிக் கப்பல்ல முக்கியமா ஏறின சரக்கு துணி. அதுல ஒரு வகை நீலத்துணி. பிரெஞ்சுக்காரங்க அதைக் 'கினே'ன்னு சொல்லுவாங்க. இங்க அவுரியில சாயம் போட்ட துணி பிரான்சு வழியா ஆப்பிரிக்காவுல இருக்குற செனகலுக்குப் போச்சு. அங்க கருவேல மரத்துப் பிசின் வாங்கறதுக்குப் பணம் மாதிரியே அந்தத் துணியைக் குடுத்து வாங்கினாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, அவுரியும் ஒரு பயறுவகைச் செடி. உளுந்து, மல்லாட்டை, துவரை, கொழுஞ்சி எல்லாம் அதுக்குச் சொந்தக்காரங்க. அதோட வேர்லயும் முடிச்சு உண்டு. சாயம் எடுத்த பிறகு தொட்டியில மிஞ்சுற அவுரிச் சக்கை நெல் வயலுக்கு நல்ல எரு. சாயம் கப்பல் ஏறிச்சு, சக்கை வயலுக்கு வந்துச்சு. ஊரு மண்ணுக்கு அதுல பெரிய நஷ்டம் இல்ல.

1897ல ஜெர்மனியில பிஏஎஸ்எஃப் கம்பெனி ரசாயன நீலத்தை விக்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் இந்தியா முழுக்க அவுரி விவசாயம் படுத்துப்போச்சு. அதே கம்பெனி 1913ல காத்துல இருக்குற தழைச்சத்தை அம்மோனியாவா மாத்துற ஆலையைத் திறந்துச்சு. ஹேபர்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்சதை போஷ்னு இன்னொருத்தர் ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். இன்னைக்கு நாம போடுற யூரியாவுக்கு மூலம் அதுதான். அவுரி குடுத்த ரெண்டு விஷயம், சாயமும் எருவும். ரெண்டுக்கும் மாற்று ஒரே கம்பெனி வாசல்லேர்ந்து பதினாறு வருஷ இடைவெளியில வெளிய வந்துச்சு. இது தெரிஞ்சப்ப எனக்கு ஒரு நாள் பூரா அதே நினைப்பா இருந்துச்சு.

மல்லாட்டை போன வழி

19ஆம் நூற்றாண்டுல பிரான்சு நாட்டு மார்செய் துறைமுகத்துல சோப்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் பெருகின. அதுக்கு எண்ணெய் வித்து வேணும். 1840கள்லேர்ந்து செனகல்லேர்ந்து மல்லாட்டை போச்சு. பிறகு எங்க பக்கத்துலேர்ந்தும் போச்சு. 1879ல விழுப்புரம் – பாண்டிச்சேரி ரயில் பாதை வந்ததும் தென்னார்க்காட்டு மல்லாட்டை பூரா பாண்டிச்சேரிக் கடற்கரைக்கு வந்து சேர வழி கிடைச்சது. வெள்ளைக்கார எல்லைக்குள்ள விளைஞ்சது பிரெஞ்சு எல்லைக்குள்ள வந்து கப்பல் ஏறிச்சு. புன்செய்க் கொல்லை எல்லாம் கம்பையும் வரகையும் விட்டுட்டு மல்லாட்டைக்கு மாறிச்சு. கையில காசு பாத்த முதல் தலைமுறை அதுதான்.

ஆனா அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே விளைச்சல் சரிஞ்சது. ஒரே நிலத்துல வருஷா வருஷம் அதே பயிர், கெட்டுப்போன விதை, இலைப்புள்ளி நோய். மொரிஷியஸ்னு பேர் வெச்ச புது விதையைக் கொண்டுவந்த பிறகுதான் பயிர் மறுபடியும் தலை தூக்கிச்சு. கடலூர் பக்கம் பாலூர்ல 1905ல ஆராய்ச்சிப் பண்ணை வந்துச்சு. 1935ல திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம். அங்கேர்ந்து 1940ல வந்த டிஎம்வி 2 ரகத்தை எங்க தாத்தாவும் போட்டாரு, அப்பாவும் போட்டாரு.

விதை மாறிச்சு, சரி. மண்ணு?

மல்லாட்டை எண்ணெயில தழைச்சத்து கிடையாது. எண்ணெயை மட்டும் வித்தா மண்ணுலேர்ந்து ஒண்ணும் போகாது. தழைச்சத்து எல்லாம் புண்ணாக்குல தங்கும். பருப்பா அனுப்பினா, ஒரு டன்னுக்குச் சுமாரா 40 கிலோ தழைச்சத்து கூடவே போயிடும். இன்னைக்குக் கணக்குல 45 கிலோ யூரியா மூட்டை ரெண்டு. இங்க மாட்டுக்கும் வயலுக்கும் ஆகவேண்டிய புண்ணாக்கு மார்செயிலயே தங்கிடுச்சு.

இதை நான் மட்டும் சொல்லல. 1889ல வெள்ளைக்கார அரசாங்கம் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்னு ஒரு வேளாண் ரசாயன நிபுணரை இந்தியாவுக்கு அனுப்பிச்சது. அவர் ஊர் ஊரா சுத்திட்டு 1893ல ஒரு அறிக்கை குடுத்தார். எண்ணெய் வித்தை முழுசா ஏற்றுமதி பண்றது நிலத்தோட வளத்தையே ஏற்றுமதி பண்றதுதான்னு அதுல கண்டிச்சிருக்கார். இந்திய விவசாயிக்குத் தொழில் தெரியலைன்னு சொல்றதையும் அவர் ஏத்துக்கல. எரு கிடைக்காததுதான் பெரிய குறைன்னு எழுதினார்.

வேர் முடிச்சுக்குள்ள என்ன இருக்கு

"மல்லாட்டை போட்டா மண்ணு வளமாகும்"னு எங்க தாத்தா சொல்லுவாரு. பள்ளிக்கூடத்துலயும் அதையேதான் சொன்னாங்க. அது பாதி உண்மை.

பயறுவகைப் பயிர் போட்ட நிலத்துல தழைச்சத்து கூடுதுன்னு 1838 வாக்குல அளந்து காட்டினவர் பூசெங்கோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். எப்படிக் கூடுதுன்னு அவருக்குத் தெரியல. 1886ல ஜெர்மனியில ஹெல்ரீகல், வில்ஃபார்த்னு ரெண்டு பேர், வேர் முடிச்சுதான் காத்துலேர்ந்து தழைச்சத்தைப் பிடிக்குதுன்னு நிரூபிச்சாங்க. 1888ல நெதர்லாந்துல பெயரிங்க்னு ஒருத்தர் அந்த முடிச்சுக்குள்ள இருக்குற நுண்ணுயிரைத் தனியா பிரிச்சு வளத்தார். அதைத்தான் ரைசோபியம்னு சொல்றோம். 1890கள்லயே ஜெர்மனியில அதைப் புட்டியில அடைச்சு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம நாட்டுல என்.வி. ஜோஷி 1920ல இந்த ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். வியாபார அளவுல தயாரிப்பு 1956ல வந்துச்சு. ஆக, உயிர் உரம்னா நேத்து வந்த புதுப் பொருளும் இல்ல, நம்ம தாத்தா காலத்துப் பொருளும் இல்ல. வயசுல அது யூரியாவுக்கு அண்ணன்.

முடிச்சுக்குள்ள நடக்குறது ஒரு கொடுக்கல் வாங்கல்தான். செடி சர்க்கரை குடுக்கும், நுண்ணுயிர் தழைச்சத்து குடுக்கும். வேலை செய்யுற முடிச்சை நகத்தால கிள்ளிப் பாத்தா உள்ள ரோஸ் நிறமா, ரத்தம் மாதிரி இருக்கும். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா அது சும்மா உக்காந்திருக்குன்னு அர்த்தம். மண்ணுல யூரியா நிறைய கிடந்தா செடி முடிச்சு வைக்கவே யோசிக்கும். வீட்டுல சோறு கொட்டிக் கிடக்குறப்ப எவன் கடையில கடன் வாங்குவான்?

சரி, காத்துலேர்ந்து பிடிச்ச தழைச்சத்து எங்க போகுது? பெரும்பங்கு பருப்புக்குப் போகுது. கொஞ்சம் கொடிக்குப் போகுது. மல்லாட்டையை நாம வேரோட பிடுங்குறோம். பருப்பு மண்டிக்கு, கொடி மாட்டுக்கு. மாட்டுச் சாணி திரும்பி அந்த நிலத்துக்கே வந்தாத்தான் தாத்தா சொன்னது முழு உண்மை. மாடு இருந்த வரைக்கும் அது நடந்துச்சு. பாகூர் ஏரி வண்டலை வண்டியில அடிச்சாங்க, ஆட்டுக்கிடை போட்டாங்க, கொழுஞ்சியும் எருக்கும் சேத்துல மிதிச்சாங்க. மாட்டை வித்துட்டு டிராக்டருக்கு மாறின பிறகு மல்லாட்டை வெறும் வாங்குற பயிராப் போச்சு.

என் கொல்லையில நடந்தது

எனக்கு ரெண்டு காணி. காணின்னா ஒண்ணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. பத்திரத்துல பிரெஞ்சுக்காரன் பழக்கத்துல ஹெக்டேர், ஆர், சென்டியார்னு எழுதியிருக்கும். ஒரு காணி கொல்லை, மல்லாட்டைக்கு. இன்னொரு காணி நஞ்சை, சம்பா அறுப்புக்குப் பிறகு உளுந்துக்கு.

அப்பா காலத்துல கொல்லையில எடுத்த மூட்டையில பாதிகூட எனக்கு வரல. டிஏபி கூடப் போட்டேன், அப்பவும் வரல. 2008ல ஒரு கூட்டத்துல உயிர் உரம்னு கேள்விப்பட்டு, டவுனுல ஒரு கடையில பத்து பாக்கெட்டு வாங்கினேன். வீட்டுக்காரி கம்மலை வெச்சு எடுத்த காசுல நடந்த சாகுபடி அது. விதையில கலந்து போட்டேன். நாப்பதாம் நாள் செடியைப் பிடுங்கிப் பாத்தா அங்கங்க நாலு முடிச்சு, உள்ள வெளுத்துக் கிடந்துச்சு. அந்த வருஷம் கம்மல் திரும்பி வரல. உயிர் உரம் எல்லாம் ஏமாத்துன்னு டீக்கடையில நானே பத்து பேருக்குச் சொன்னேன். எனக்குப் பாத்து அவங்களும் போடல.

நாலு வருஷம் கழிச்சு, தானே புயல் தென்னையையும் மரத்தையும் சாய்ச்சிட்டுப் போன பிறகு, குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்துல ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்க ஒரு அம்மா கேட்டாங்க: "பாக்கெட்டுல தேதி பாத்தீங்களா? எங்க வெச்சிருந்தாங்க?" அப்பதான் உறைச்சுது. அந்தக் கடையில பாக்கெட்டு கண்ணாடி ஜன்னலோரம் வெயில்ல அடுக்கி இருந்துச்சு. தேதியை நான் பாக்கவே இல்ல. அது போதாதுன்னு, விதைக்குப் பூஞ்சாண மருந்து கலந்த அன்னைக்கே இதையும் கலந்திருந்தேன். நான் வாங்கினது உரம் இல்ல, செத்துப்போன உயிர். மிச்சம் மீதி இருந்ததையும் நானே கொன்னுட்டேன்.

"யூரியா உப்பு மாதிரி. எப்ப போட்டாலும் உப்புதான். இது தயிருக்கு உறை குத்துற மாதிரி. உறை கெட்டுப்போனா பாலு தயிராகாது"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. அதுக்கு மேல எனக்கு விளக்கம் தேவைப்படல.

இப்ப நான் செய்யுறதை எழுதிடுறேன். 200 கிராம் பாக்கெட்டுன்னா ஒரு ஹெக்டேர் விதைக்கு மூணு ரைசோபியம், மூணு பாஸ்போபாக்டீரியா. ரெண்டாவது சொன்னது மண்ணுல கட்டிக் கிடக்குற மணிச்சத்தைக் கரைச்சுக் குடுக்குறது. ஆறின அரிசிக் கஞ்சியில கலந்து, விதையில புரட்டி, நிழல்ல அரை மணி நேரம் உலத்தி, அன்னைக்கே விதைச்சுடணும். மருந்து கலந்த விதையா இருந்தா ஒரு நாள் விட்டு அடுத்த நாள் கலக்கணும். விதையில கலக்க முடியலைன்னா ஹெக்டேருக்குப் பத்து பாக்கெட்டு, 25 கிலோ மக்கின தொழு உரம், 25 கிலோ மணலோட சேத்துத் தூவலாம். மல்லாட்டைக்கு ஒரு வகை, உளுந்துக்கு ஒரு வகைன்னு பாக்கெட்டுல எழுதியிருக்கும், பாத்து வாங்கணும். தேதி பாக்கணும். இந்த நுண்ணுயிரைக் கலந்து வைக்கிற கறுப்புத் தூள் நெய்வேலி பழுப்பு நிலக்கரியிலேர்ந்தும் எடுப்பாங்க. கடலூர்ல அரசு உற்பத்தி மையமே இருக்கு. இப்ப திரவமாவும் வருது.

மல்லாட்டைக்கு நாப்பது நாள்ல மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுறதை விடல. காய் திரண்டு நிக்கிறதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும், அதை எந்த நுண்ணுயிரும் காத்துலேர்ந்து பிடிச்சுக் குடுக்காது. உளுந்துக்குப் பூக்கும்போது ரெண்டு சதம் டிஏபி கரைசல் ரெண்டு தடவை தெளிச்சேன். ரெண்டு வருஷமா அதுக்குப் பதிலா பஞ்சகவ்யா தெளிக்கிறேன். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பினது. நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவங்க எங்க பக்கமும் உண்டு. அவங்களோட எனக்கு ஒரே ஒரு வருத்தம், முதல் வருஷமே விளைச்சல் ரெண்டு மடங்குன்னு சில பேர் சொல்லிடுறாங்க. அதை நம்பி இறங்கி, என்னை மாதிரி ஒரு போகத்துல வெறுத்து ஓடினவன் நிறைய.

என் கணக்கு இது. நெல் தரிசு உளுந்து ஏக்கருக்கு 180 கிலோ எடுத்துக்கிட்டிருந்தேன். இப்ப 290 கிலோ. ஆறு வருஷம் ஆச்சு. பாக்கெட்டு மட்டும் செஞ்ச வேலைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மாடு திரும்ப வாங்கினேன். ஏரி வண்டல் ரெண்டு தடவை அடிச்சேன். உளுந்தை வேரோட பிடுங்குறதை நிறுத்திட்டு அடியில அறுக்குறேன், முடிச்சு மண்ணுலயே தங்கட்டும்னு. கூலி கொஞ்சம் கூட. பெல்ட்டு மிஷின் ஓடின தடத்துல முளைச்ச உளுந்து நசுங்குறதுக்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியல.

திரும்ப மார்க்கெட்டுக்கு

போன மாசி மாசம் ஒரு மூட்டை உளுந்தோட பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அப்பா கணக்குப் பேசின அதே வரிசை. கடைக்காரர் என்னை விட மூத்தவர். உள்ளங்கையில நாலு மணியைப் போட்டுப் பாத்தாரு.

"என்னா தம்பி, நம்ம ஊரு சரக்கா?"

"ஆமாண்ணே. பாகூரு."

"பாத்து ரொம்ப நாளாச்சு. பர்மா உளுந்துதான் கப்பல்ல வந்து எறங்குது. நெறம் ஒரே மாதிரி இருக்கும், எடுத்துக் குடுக்க சுலபம். உன்னுது மணி கொஞ்சம் ஏறக்குறைய இருக்கே."

கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைச்சார். நான் மூட்டையைத் தூக்கினேன். அவரு சிரிச்சுக்கிட்டே ஒரு ரூபா ஏத்தினார். குடுத்துட்டு வந்துட்டேன். தோல் உளுந்தா, பாலிஷ் போடாம கேக்குறவங்களுக்குன்னு பத்து கிலோ மட்டும் வீட்டுல வெச்சிருக்கேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல இதைத்தான் நினைச்சுக்கிட்டே வந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க மல்லாட்டை கப்பல் ஏறிப் போச்சு. இன்னைக்கு எங்க இட்லிக்கு உளுந்து கப்பல்ல வருது. ரெண்டு தடவையும் யாரோ ஒருத்தரோட கொல்லை கொஞ்சம் கொஞ்சமா கப்பல் ஏறுது. பர்மாவுல என்னை மாதிரி ஒரு சம்சாரி இருப்பான். அவன் மண்ணுக்கு யார் திருப்பிக் குடுக்குறாங்க?

என் பையன் சேதராப்பட்டு கம்பெனியில வேலை பாக்குறான். ரோட்டோரக் கொல்லையை மனை போட்டுடலாம்ப்பான்னு ரெண்டு வருஷமா சொல்றான். அவன் சொல்ற கணக்குல தப்பு ஒண்ணும் இல்ல. அந்தக் காசை உளுந்துல நான் இந்த ஜென்மத்துல பாக்க முடியாது. போன ஞாயித்துக்கிழமை அவனைக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன். முப்பத்தஞ்சு நாள் மல்லாட்டைச் செடி ஒண்ணைப் பிடுங்கி, மண்ணை உதறி, முடிச்சைக் கிள்ளிக் காட்டினேன். விரல்ல ரோஸ் நிறமா ஒட்டிச்சு.

கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். "இது இத்தனை வருஷமா இங்கேயே இருந்துச்சாப்பா?"ன்னு கேட்டான்.

"இருந்துச்சு. நடுவுல நான்தான் விட்டுட்டேன்"னேன்.

மனையைப் பத்தி அன்னைக்கு அவன் பேசல. அடுத்த மாசம் பேசுவான். அதுக்குள்ள மண் அணைச்சு, ஜிப்சம் போட்டுடணும்.